காலி அறை அளவு

மாமனார் இரண்டு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்த அறையைத்தான் ஹோம் தியேட்டராக்குவேன் என்று என் கணவர் ஒற்றைக்காலில் நின்றார். அவர் அப்பா கண்ணை மூடி ஒரு மாசம்கூட ஆகவில்லை. அதுவரை “சீ, சளி நாத்தம்” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு திரும்பிய மனுஷன், இப்போது அளவு டேப்பும் கையுமாக அங்கேயே குடியிருந்தார். மாமா சளி துப்பிய கிண்ணத்தைக் கழுவியதெல்லாம் நான்.

சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்து, கம்பளம் விரித்து, நான்கு சாய்வு நாற்காலிகள் போட்டாயிற்று. ஒலியைச் சரிபார்க்க வந்த டெக்னீஷியன் உள்ளே ஒரு மைக்கை நட்டுவைத்துவிட்டு, எங்களையும் வெளியே அழைத்துக் கதவைச் சாத்தினார். மனுஷ உடம்பு சத்தத்தை உறிஞ்சிவிடுமாம். அறை காலியாக இருந்தால்தான் அளவு சரியாக வருமாம்.

மூன்று முறை அளந்தார். பிறகு லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, “சார், உள்ள இருக்கிறவரைக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லுங்க” என்றார்.

“உள்ள யாருங்க இருக்கா?” என்று சிரித்தபடி கதவைத் திறந்த கணவர் குமட்டிக்கொண்டு பின்வாங்கினார்.

நான் எட்டிப் பார்த்தேன். உறைகூடப் பிரிக்காத மூலை நாற்காலி, யாரோ படுத்திருப்பதுபோல் பின்னால் சாய்ந்திருந்தது. அதன் கைப்பிடியில் டம்ளர் வைக்கிற குழி நிறைய மஞ்சள் சளி. நுரை இன்னும் அடங்கவில்லை.

கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, வழக்கம்போல என்னைப் பார்த்தார்.

சமையலறையிலிருந்து பழைய துணியை எடுத்துவந்து அவர் கையில் திணித்தேன்.

“இந்தத் தடவை நீங்க தொடைங்க. சீக்கிரம் போங்க, மாமாவுக்குக் காக்க வெச்சா பிடிக்காது.”