உரிமம் புதுப்பித்தல்

அறையில் மூவர் இருந்தோம். வங்கிக் காவலர் நாற்காலியில், அவர் மனைவி கட்டில் விளிம்பில், படிவம் நிரப்ப நான் மேசையருகே.

“கைத்துப்பாக்கி லைசென்ஸ் போனா வேலையும் போச்சு, தம்பி. அப்புறம் நான் வெறும் விசில் ஊதுற ஆளு,” என்று காவலர் சிரித்தார்.

“எழுதிடுப்பா. இன்னும் ஒரே வருஷம், ஓய்வு வந்துடும்,” என்றார் மனைவி.

“ஞாபக மறதி உண்டான்னு கேட்டிருக்காங்க.”

“எனக்கா? துப்பாக்கி நம்பரைத் தலைகீழாச் சொல்லட்டுமா?” சொல்லியும் காட்டினார்.

‘இல்லை’ என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“எழுத்து முத்து முத்தா இருக்கே! எந்தப் பள்ளிக்கூடம், தம்பி?”

“நீங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ச் சேத்த பள்ளிக்கூடம்தான், அப்பா.”

படிவத்தைக் கிழித்தேன். அம்மா தடுக்கவில்லை. உரிமத்தை ரத்து செய்யக் கோரிக் கடிதம் எழுதி, உறையை ஒட்டி, நானே தபால் பெட்டியில் போட்டேன்.