செவ்வாய்க்கிழமைத் துரோகம்

"அவர் இன்னைக்கு வரமாட்டாருல்ல? நல்லா விசாரிச்சியா?" ஓடில் உணவக வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியை அவள் கழற்றவே இல்லை.

"போன் போட்டே கேட்டுட்டேன். செவ்வாய்க்கிழமை வரமாட்டாராம். உள்ள வா அக்கா, புருஷனுக்குத் தெரியாம எவனையோ பார்க்க வந்தவ மாதிரி நடுங்குறியே!" தங்கை அல்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

கிட்டத்தட்ட அந்தக் கதைதான். நியூ ஆர்லியன்ஸில் ஒருத்தி பங்குக் கோயிலை மாற்றலாம், டாக்டரை மாற்றலாம். சாப்பாடு பரிமாறுகிறவரை மாற்றினால் ஊர் சும்மா விடாது. இந்த உணவகத்தில், கல்யாணமான நாளிலிருந்து ஓடிலுக்கு ரொசாரியோதான். கணவன் இறந்த பிறகும் வியாழன்தோறும் தனியாக வந்து, அவர் பரிமாறித்தான் சாப்பிடுகிறாள்.

ஆனால் ரொசாரியோவுக்கு வயதாகிவிட்டது. கை நடுங்குகிறது. எந்தத் தட்டும் ஆறி அவலாகித்தான் மேஜைக்கு வந்து சேர்கிறது. போன வாரம் தக்காளிக் குழம்பை அவளுடைய வெள்ளைச் சட்டையில் கொட்டிவிட்டு, பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றார், பாவம்.

ஒரே ஒரு வேளை சூடாகச் சாப்பிட ஆசைப்பட்டது குற்றமா? குற்றம்தான், குற்றம்தான் என்று ஓடிலின் மனசு இடித்துக்கொண்டே இருந்தது.

பரிமாறுகிற இன்னொருவர், நரைத்த மீசைக்காரர் டெரன்ஸ், வந்து மெனுவை நீட்டினார். ஓடில் அதைக் கையால் தொட்டே வருஷக்கணக்காயிற்று. ரொசாரியோ எல்லாவற்றையும் வாயாலேயே ஒப்பித்துவிடுவார்.

"இறால் அடைச்ச கத்தரிக்காயைக் காணோமே?"

"அதை நிறுத்தி ரொம்ப நாளாச்சே, ஓடில் மேடம்."

"விளையாடுறீங்களா? போன வியாழன்கூடச் சாப்பிட்டேனே!"

டெரன்ஸ் மீசையைத் தடவினார். "ரொட்டி கொண்டு வர்றேன்" என்று மெல்ல நழுவிவிட்டார்.

பூண்டும் ரொட்டித்தூளும் போட்டுச் சுட்ட சிப்பி, கொதிக்கக் கொதிக்க வந்தது. நாக்கு சுட்டது. அடடா, என்ன ருசி! அந்த ருசிதான் அவளை உறுத்தியது. இவ்வளவு நன்றாக இருந்து தொலைக்காமலாவது இருந்திருக்கலாம்.

"அப்புறமென்ன? இனிமே டெரன்ஸ் பார்க்குற மேஜையிலேயே உட்காரு. ரொசாரியோகிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லிடு" என்றாள் அல்மா.

"வாயை மூடுடி! அந்த மனுஷன் தாங்கவே மாட்டாரு."

அதற்கு மேல் ஒரு சிப்பிகூட உள்ளே இறங்கவில்லை. ஓடில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு டெரன்ஸைக் கூப்பிட்டாள்.

"நான் இங்க வந்தது ரொசாரியோவுக்குத் தெரியவே கூடாது. சத்தியம் பண்ணுங்க. இந்த வேலையை விட்டா அவருக்கு வேற என்ன இருக்கு? அவர் மனசு நோகக் கூடாதுன்னுதான் ஆறினதைத் தின்னுட்டு வாராவாரம் சிரிச்சுட்டுப் போறேன்."

டெரன்ஸ் அவளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அவர் முகத்தில் பெரிய தர்மசங்கடம்.

"நான் எத்தனை பேருக்குத்தான் சத்தியம் பண்றது, ஓடில் மேடம்? உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அவரும் சத்தியம் வாங்கியிருக்காரு."

"எதைப் பத்தி?"

"அவர் வேலையை விட்டு ரெண்டு வருஷமாச்சு. நீங்க தாங்கமாட்டீங்கன்னுதான், அந்தக் கத்தரிக்காயைக்கூட உங்களுக்காகத் தனியா செய்யச் சொல்லி, வியாழக்கிழமை மட்டும் பழைய யூனிஃபார்ம் கோட்டை மாட்டிக்கிட்டு வர்றாரு."