வால்வு சாவி

“அக்கா, நாலு மணிக்குப் பந்தயம்! இன்னிக்கு ஜெயிச்சாத்தான் அணியில இடம்!”

சைக்கிள்காரப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. சைக்கிளின் சட்டத்தில், சீட்டுக்குக் கீழே இணைப்பில் விரிசல். மணி அப்போது இரண்டு.

“பத்து நிமிஷ வேலை. கவலையை விடு!” என்றாள் வெல்டிங் அக்கா. டெலிவரி வண்டிக்காரன் அப்போதுதான் இறக்கிவிட்டுப் போன அசிட்டிலின் சிலிண்டரைச் சுவரோரம் நிறுத்திச் சங்கிலி மாட்டினாள்.

“எதுக்குக்கா சங்கிலி? ஓடியா போயிடும்?”

“விழக் கூடாதில்ல! உள்ள வெறும் கேஸுன்னு நினைச்சியா? பஞ்சு மாதிரி ஒண்ணை அடைச்சு, அதுல அசிட்டோனை ஊத்தி, அதுக்குள்ள கேஸைக் கரைச்சு வச்சிருக்காங்க. சும்மா அமுக்கி அடைச்சா தானாவே வெடிக்கும். அவ்வளவு கோபக்காரி!”

“உங்களை மாதிரியா?”

“போடி! படுக்க வச்சா அசிட்டோனும் கேஸோட கிளம்பி வந்துடும், ஆபத்து. ஆனா ஆக்சிஜனோட சேர்த்துப் பத்த வச்சுப் பாரு, மூவாயிரம் டிகிரி! இரும்பு வெண்ணெயா உருகும்!”

சொல்லும்போதே அக்காவின் முகம் ஜொலித்தது. உள்ளே போய்க் கறுப்புக் கண்ணாடியை எடுத்து வந்து, சிலிண்டரைத் திறக்கும் சாவிக்குக் கை நீட்டினாள்.

ஆணியில் சாவி இல்லை. கடையில் இருந்ததே அந்த ஒரு சாவிதான்.

“எதிர்க்கடைக்காரர் இப்பத்தானே எடுத்துட்டுப் போனார்? நீங்க எடுத்துக்கச் சொன்னீங்கன்னு நினைச்சேன்” என்றாள் பெண்.

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. எதிர்க்கடைக்காரர் கேட், கிரில் செய்பவர். “இதென்ன வெல்டிங்கா, காக்கா எச்சமா?” என்று தெருவே கேட்க அக்கா ஒரு நாள் கத்தியதிலிருந்து இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது.

“யோவ்! என் பொழைப்பைக் கெடுக்கத்தான் கடை போட்டிருக்கியா? சாவியைக் கொடுய்யா!”

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

பெண் ஓடிப்போய்க் கெஞ்சினாள். “சார், நீங்களாவது ஒட்டிக் கொடுங்க!”

“நான் வைக்கிறது கரண்ட் வெல்டிங்மா. இந்த மெல்லிசுக் குழாய் ஓட்டையாயிடும்.”

“அப்போ சாவி?”

“மூணு மணிக்கு.”

ஒரு மணி நேரம் அக்கா திட்டாத திட்டு இல்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. மூன்று அடித்ததும் மனுஷன் வந்தார், சாவியை வால்வில் மாட்டினார், யாரையும் பார்க்காமல் திரும்பிப் போனார்.

அக்கா பற்றவைத்தாள். நீலச் சுடர் சீறியது! பித்தளைக் கம்பி உருகி விரிசலுக்குள் ஓடி உட்கார்ந்தது. மூன்றரைக்குப் பெண் சிட்டாய்ப் பறந்தாள்.

ஐந்து மணிக்கு போன். “அக்கா! அணியில இடம் கிடைச்சிடுச்சு!”

அக்கா துள்ளிக் குதித்தாள். அந்த நேரம் பார்த்துப் பழைய காலி சிலிண்டரை எடுக்க வந்து நின்றான் வண்டிக்காரன்.

“நல்ல நேரத்துல வந்தே! அந்தாள் மேல போலீஸ்ல புகார் கொடுக்கப் போறேன். சிலிண்டரை இறக்கினது நீதானே, நீயே சாட்சி. வண்டியை எடு, போலாம்!”

வண்டிக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான்.

“வேணாம்க்கா. வழியில கட்டுக்கயிறு அறுந்துபோச்சு. சிலிண்டரைப் படுக்க வச்சுத்தான் கொண்டுவந்தேன். தெருமுனையில நிமிர்த்தினதை அவர் பார்த்துட்டார். ‘ஒரு மணி நேரமாவது நின்னாத்தான் அசிட்டோன் கீழே இறங்கும், போய்ச் சொல்லு’ன்னார். நீங்க கம்பெனிக்கு போன் பண்ணா என் வேலை போயிடும்னு அழுதேன்.”

“அதுக்கு?”

“‘சரி, நீ வாயைத் திறக்காதே, நான் பார்த்துக்கறேன். அந்தம்மாகிட்ட திட்டு வாங்குறது எனக்கென்ன புதுசா?’ன்னு கேட்டுட்டு, நேரா உங்க கடைக்குள்ள நுழைஞ்சார்க்கா.”