எட்டுப் பிளக்குகள்

நாற்பத்தொரு வயதில் முள்ளியவளையில் மெக்கானிக் வேலை பழகும் எனக்கு, நேசமலர் அக்காவின், பெற்றோலில் ஓடும் பழைய லொறிதான் முதல் வண்டி. பழைய ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றினேன். இடையில் மனைவிக்குப் போன் எடுத்துப் பெருமையடித்துவிட்டு வந்து, வயர்களைச் செருகினேன்.

"நாலும் மாத்தியாச்சு அக்கா."

அக்கா திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் ஸ்ரார்ட் ஆனது. அவர் பூநகரிக்குப் புறப்பட்டார்.

மேசையைத் துடைக்கும்போது பார்த்தேன். பழைய நான்கும் தட்டில் கிடந்தன. புதிய நான்கும் பெட்டி பிரிக்காமல் இருந்தன. பிளக் இல்லாமல் அந்த எஞ்சின் ஓடாது. மூன்று தரம் எண்ணினேன்.

அந்த நேரம் அக்கா எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, லொறி ஒருநாளும் இவ்வளவு சோக்கா ஓடினதில்லை. மாங்குளத்திலை நிப்பாட்டித் தேத்தண்ணி குடிக்கப்போறன்."

பிரிக்காத பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுச் சொன்னேன்.

"குடியுங்கோ அக்கா. எஞ்சினை மட்டும் நிப்பாட்டாதேங்கோ."