காணாக்கடி

கிருஷ்ணவேணிக்குக் கை, கழுத்து என்று எங்கும் தடிப்பு. இந்த முறை உதடும் வீங்கியிருந்தது.

"காணாக்கடிதான்," என்றான் கணவன் பூவரசன், பைக்கை உதைத்தபடி. "கண்ணுக்குத் தெரியாம ஏதோ பூச்சி கடிச்சிருக்கு. திண்டிவனத்துல மந்திரிக்கிறவர்கிட்டயே போயிடலாம்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. தொண்டைய என்னமோ பண்ணுது."

"காணாக்கடிக்கு ஊசி போட்டா விஷம் தலைக்கு ஏறிடும். போன ரெண்டு வாட்டியும் அவரு வேப்பிலை அடிச்சி மூணே நாள்ல அடங்கலியா?"

அது உண்மைதான். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் பைக்கை ஓரங்கட்டித் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"மந்திரிச்சிட்டா மூணு நாளைக்கு எந்த மாத்திரையும் தொடக் கூடாதும்பாரு. அப்புறம் மூட்டுவலின்னு அழுதுகினு இருப்ப. இன்னிக்கு உள்ளத இப்பவே போட்டுக்கோ."

பாசமாகத்தான் சொன்னான். நேற்றும் முந்தாநாளும் போட்ட அதே மூட்டுவலி மாத்திரையை அவள் விழுங்கினாள்.

பைக் நகர்ந்தது. மாத்திரை போட்ட நாட்களையும் தடிப்பு வந்த நாட்களையும் மனசுக்குள் எண்ணிப் பார்த்தவளுக்குத் திடுக்கென்றது. அவன் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏங்க... தடிப்பு அடங்குனது மந்திரத்தால இல்லீங்க... அந்த மூணு நாளும் மாத்திரைய நிறுத்துனதால..."

காற்றிரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை.

"இன்னா?" என்று கத்தினான்.

தோளில் இருந்த பிடி தளர்ந்தது.