பலகைக்கு அடியில் ஒரு தும்மல்

பவளத்துக்கும் அவள் மகள் தாரகைக்கும் வீடு என்று இருந்தது ஒரு பழைய படகுதான், கண்ணுகளா. துறையில் அதைக் கட்டிவைக்க இடம் வேண்டுமென்றால் இன்சூரன்ஸ் வேண்டும். ஆள் குடியிருக்கும் படகுக்கோ எந்தக் கம்பெனியும் இன்சூரன்ஸ் தருவதாயில்லை. அதனால் படகைப் பார்வையிடக் கம்பெனி ஆள் வந்த அன்று பவளம் அடுப்பையும் பாயையும் ஒளித்தாள். பிள்ளையையும் பலகைக்கு அடியில், கயிறு வைக்கிற குழியில் படுக்கவைத்து, "மூச்சு விடக்கூடாதுடி தங்கம்" என்றாள்.

வந்தவர் தலை நரைத்தவர். குனிந்து குனிந்து பார்த்தார்.

"ரசம் தாளிச்ச வாசம் வருதே?"

"பக்கத்துப் படகா இருக்குங்க."

"இதுல யாராச்சும் குடியிருக்கீங்களாம்மா?"

"ஐயோ, யாரும் இல்லீங்க. சும்மா கட்டிக் கிடக்குது."

சொல்லி வாய் மூடவில்லை, காலடியில் பிள்ளை தும்மியது.

பிறந்ததிலிருந்து அது தும்மி, பவளம் "நூறு" என்று வாழ்த்தாமல் இருந்ததில்லை. இன்றும் அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்து விழுங்கிவிட்டாள்.

அவர் பலகையையே பார்த்தார். "நூறு" என்றார், மெதுவாக. பிறகு 'யாரும் இல்லை' என்று எழுதிக்கொண்டு இறங்கிப் போனார்.

பவளம் பலகையைத் தூக்கினாள். பிள்ளையை வாரி எடுத்து, "நூறுடி, நூறு, நூறு" என்று உச்சியில் முத்தம் வைத்தாள்.

"அந்தத் தாத்தா அப்பவே சொல்லிட்டாரும்மா" என்றது பிள்ளை.