சத்தமில்லாத கார்ட்

“இதைத் திருத்துறதை விட மாத்துறதுதான் நல்லம் அன்ரி,” என்றான் கம்ப்யூட்டர் கடைக்காரன் டிலக்சன். “பழைய கிராஃபிக்ஸ் கார்டைக் குடுத்தா கொம்பனி விலை குறைச்சுப் புதுசு தருது.”

பெரியகல்லாற்றிலிருந்து பஸ் ஏறிப் புளியந்தீவுக்கு வந்திருந்தாள் ஜெசிந்தா.

“ஃபேன் அடிக்கடி நிண்டு போகுது. அதை மட்டும் சரிப்பண்ணித் தாங்க, தம்பி.”

“ஆர்ட கார்ட் இது?”

“மகன்ட.”

“அப்ப கட்டாயம் மாத்துங்க. கேம் சும்மா பறக்கும்.”

“புதுசு சத்தம் போடுமா?”

“துப்பரவா இல்ல. ஓடுறதே தெரியா.”

அவள் பழைய கார்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அப்ப வேணாம்.”

“மகனையும் ஒருக்காக் கேளுங்களன்.”

“அவனைப் போன மாரியில கடல் கொண்டுபோயிற்று. உடம்பும் கரைக்கு வரல்ல.”

டிலக்சன் கார்டை மெல்ல வாங்கி அதன் ஃபேனைக் கழற்றினான்.

“அவன்ட அப்பா கண் தெரியாமப் படுக்கையில கிடக்கார். அவருக்கு இன்னும் சொல்லல்ல. பொழுதுபட்டா மகன்ட அறையில கேமை ஓடவிட்டுக் கதவைச் சாத்திருவன். அவன் ஹெட்ஃபோன் போட்டு விளையாடுறவன், வெளியில கேக்கிறது இந்த ஃபேன்ட இரைச்சல்தான். அதைக் கேட்டு, ‘விளையாடினது காணும், வந்து சாப்பிடு’ எண்டு ஏசிப்போட்டு நித்திரையாயிருவார்.”

டிலக்சன் ஃபேனுக்கு எண்ணெய் விட்டு ஓட்டிக் காட்டினான். அது இரைந்தது. அவள் குனிந்து காது கொடுத்துக் கேட்டாள்.

“இன்னும் கொஞ்சம் சத்தமா ஓட வைக்க ஏலுமா, தம்பி? அவருக்கு இப்ப காதும் மந்தமாகுது.”